தெரியும் படிகள்

எங்கள் ஊர்ப் படித்துறைக்குப் பத்தொன்பது படிகள். நல்ல கோடையில் பத்தொன்பதும் தெரியும், அதற்குக் கீழே மணல். ஐப்பசி கார்த்திகையில் எட்டு, ஒன்பது. ஆச்சி குளித்துவிட்டு ஈரப் புடவையோடு முற்றத்தில் கால் வைக்கும்போதே "இன்னைக்கு ஒம்பது தெரியுது" என்பாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்வாள். தாத்தா தலையாட்டிவிட்டு வாழைக்குப் போவார். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. எத்தனை படி மிச்சம் தெரிகிறது என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டி, ஆறு புன்னக்காயலில் கடலைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கரையிலும் இருக்கிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் திறந்துவிடுவது, கடனாநதி, பச்சையாறு, சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாறு என்று மேலே எங்கே மழை பெய்தாலும் கடைசியில் அது எங்கள் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். ஊருக்கு முன்னால் ஆறு, பின்னால் குளம். நடுவில் நான்கு தெரு.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். நான் சென்னையில் இருந்தேன். மிக்ஜாம் புயல் வந்து போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சேற்று வாடை இன்னும் போயிருக்கவில்லை. காலையில் அம்மாவிடம் பேசினேன். பின்னணியில் கோயில் ரேடியோவில் (ஒலிபெருக்கியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) மார்கழிப் பாட்டு கேட்டது. "விடியக்காலத்துலேர்ந்து விடாம ஊத்துது" என்றாள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். படித்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "ஆத்துல கலங்கலாத்தான் போவுது, இன்னும் அஞ்சு படி தெரியுதுல்லா. நீ பயப்படாத" என்றார்.

இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, பின்வாசல் வழியாக. குளத்துப் பக்கத்திலிருந்து.

அதற்குப் பிறகு அம்மாவுடன் இரண்டு நிமிடம் பேச முடிந்தது. ஆச்சியை நாற்காலியோடு தூக்கிப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றாள். கரண்டு போய்விட்டது. பதினோரு மணிக்கு எல்லா எண்ணும் அணைந்தன. சித்தப்பா, மதினி, டீக்கடை அண்ணாச்சி, எதிர்வீட்டுப் பையன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் எந்தத் தகவலும் இல்லை.

மறுநாள் காலை மழை அளவுகள் வந்தன. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 62, மாஞ்சோலையில் 55. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அதிகமாக ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்திருக்கிறது. நான் அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுக்கு மேல் வயதான ஒரு பெண்மணி ஏதோ ஒரு மொட்டை மாடியில் இருக்கிறாள், அவளுக்கு மாத்திரை இருக்கிறதா என்பதை எந்த எண்ணும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அம்மாவின் குரலைக் கேட்டேன். எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டு மாடும் போய்விட்டன. கட்டுத்தறியில் கட்டியபடியே. அவிழ்த்து விட்டிருந்தால் நீந்தி மேட்டுக்குப் போயிருக்கும் என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்கிறார். அவிழ்த்து விடக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முன்னறிவிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. கனமழை பற்றி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்று கைபேசிக்கும் வந்தது. ஆனால் வானிலைக் கணக்கில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது அதி கனமழை, அதற்குச் சிவப்பு எச்சரிக்கை. சிவப்புக்கு மேல் நிறம் கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, 95 சென்டிமீட்டருக்கும் சிவப்பு. அந்த நிறத்தை எங்கள் ஊரில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள், மழை பெய்யும், வடிந்துவிடும். இந்தத் தடவையும் அப்படித்தான் என்று நினைத்ததை நான் அவர்கள் குற்றமாகச் சொல்லமாட்டேன். இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது என்ற செய்தியும் அப்படித்தான். கன அடியை வைத்து ஆச்சி என்ன செய்வாள்? அது எத்தனை படி என்று யாராவது சொல்ல வேண்டும். கீழத்தெருவில் அது முழங்காலா, இடுப்பா, கழுத்தா என்று சொல்ல வேண்டும். பாதுகாப்பான இடம் என்றால் எந்தக் கட்டடம், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செய்தி மாவட்டம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வெள்ளமோ தெருவுக்குள் வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. குளத்தின் மடைகளைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அன்றைக்கு மதியம் மூன்று மணிக்குக் குளத்தங்கரைக்குப் போயிருக்கிறார். மறுகால், அதாவது நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழி, பாய்ந்துகொண்டிருந்தது, அது வழக்கம்தான். ஆனால் மறுகால் கொள்ளாமல் தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே வந்துவிட்டதைப் பார்த்திருக்கிறார். ஒரு இடத்தில் கரையின் வெளிப்பக்கம் ஊற்றுப்போலக் கசிந்ததையும் பார்த்திருக்கிறார். இந்தக் கரை ராத்திரி தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வழியில் பார்த்த இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். தன் வீட்டில் சொல்லி, பேரப்பிள்ளைகளை மேட்டுத்தெருவுக்கு அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான்.

"ஊர்ல சொல்லியிருக்கலாமே தாத்தா" என்று கேட்டேன்.

"யாருகிட்ட சொல்லச் சொல்லுத? எல்லாரும் ஆத்தப் பாத்துட்டு நின்னாவ. எங்கிட்ட யாரும் கேக்கலல்லா" என்றார்.

எனக்கு ரொம்ப நேரம் பேச்சு வரவில்லை. ஒன்பது மணிக்கு வரப்போகும் தண்ணீர் மூன்று மணிக்கே ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு மணி நேரம் கையில் இருந்திருக்கிறது. காலையில் மார்கழிப் பாட்டுக்காகக் கட்டிய ரேடியோ குழாய் நான்கும் கோயில் வேப்பமரத்தில்தான் இருந்தன. அந்த மனிதரிடமிருந்து அந்தக் குழாய்க்குப் போக ஒரு வழி யாரும் போட்டு வைத்திருக்கவில்லை. கீழ்த் தாமிரபரணி முழுக்க அன்று ஆற்று வெள்ளத்தோடு குளத்து உடைப்புகளும் சேர்ந்துதான் அடித்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. ஒவ்வொரு குளத்தங்கரையிலும் இப்படி ஒருவர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரோ என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அதற்குப் பிறகு வேறு ஊர்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அசாமில் தேமாஜி மாவட்டத்தில் ஜியாதல் என்று ஓர் ஆறு. அருணாசல மலையிலிருந்து இறங்கி பிரம்மபுத்திராவில் சேர்வது. மலையில் பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மணலைக் கொண்டுவந்து வயலில் கொட்டிவிட்டு, தான் போகும் பாதையையே மாற்றிக்கொள்ளும். அங்கே காட்மாண்டுவில் இருக்கும் இசிமோட் என்ற மலை ஆய்வு மையமும், ஆரண்யக் என்ற அசாம் தொண்டு நிறுவனமும் சேர்ந்து மிக எளிமையான ஒரு கருவியை வைத்தன. மேல் ஊரில் ஆற்றங்கரையில் ஒரு சென்சார், சூரிய ஒளியில் ஓடுகிற ஒரு ட்ரான்ஸ்மிட்டர். தண்ணீர் குறித்த மட்டத்தைத் தொட்டதும் கம்பியில்லாமல் சமிக்ஞை போகும். அது போய்ச் சேருவது அருகில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு. அந்த வீட்டில் அலாரம் அடிக்கும். வீட்டுக்காரர் எழுந்து கீழ் ஊர்களில் இருப்பவர்களுக்கு போன் செய்வார்.

இந்த ஏற்பாட்டில் என்னை நிறுத்தியது அந்தக் கடைசிப் பகுதி. இயந்திரமே எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போகலாம். ஆனால் அவர்கள் நடுவில் ஒரு மனிதரை வைத்தார்கள், அதுவும் ஆற்றங்கரையிலேயே குடியிருக்கிற, எல்லாருக்கும் தெரிந்த ஒருவரை. நடுராத்திரியில் தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்திக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தெரிந்தவர் குரலுக்கு எழுந்திருப்பார்கள். கிடைக்கிற நேரம் ஒரு மணியோ கொஞ்சம் கூடவோதான். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று முன்பே தெரியும்: நெல்லை மேலே ஏற்றுவது, பன்றியையும் மாட்டையும் மேட்டுக்கு ஓட்டுவது, பிள்ளைகளை எடுத்துக்கொள்வது. 2014-இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகளின் பருவநிலை அமைப்பு விருது கொடுத்தது.

நேபாளத்தில் கர்ணாலி ஆறு சிசாபானி என்ற இடத்தில் மலை இடுக்கைவிட்டு வெளியே வந்து சமவெளியில் இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ராஜாபூர் என்ற பெரிய தீவுப்பகுதி, முழுக்க விவசாயக் கிராமங்கள். சிசாபானியில் ஆற்று மட்டம் பார்க்கிற ஊழியர் இருக்கிறார். கீழே உள்ள கிராமக் குழுக்களுக்கு அவருடைய போன் எண் தெரியும். அவர்களே நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். மட்டம் இவ்வளவு ஏறினால் தயார், இவ்வளவு ஏறினால் கிளம்பு என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். கையால் சுற்றுகிற சைரன் இருக்கிறது, அதற்குக் கரண்டு வேண்டாம். கிராமத்தில் சொல்வதற்கு ஒரு குழு, தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு குழு, முதலுதவிக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒத்திகையும் பார்க்கிறார்கள். 2014 ஆகஸ்டில் அங்கே பெருவெள்ளம் வந்தபோது இந்த போன்களும் சைரன்களும்தான் பல ஊர்களை எழுப்பின.

இவ்வளவு தூரம் போகாமலே நம் கடற்கரையில் ஓர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது. அலை எப்படி, காற்று எப்படி என்று தினமும் மீனவர்களுக்கு அறிவிக்க அதில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். ஊர்க்காரர்கள் ஓடிப்போய் மையத்தைத் திறந்து அந்த ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின, ஓர் உயிரும் போகவில்லை. சுனாமி வரும் என்று யாரும் அந்த ஒலிபெருக்கியை வைக்கவில்லை. தினமும் பயன்பட்டதால்தான் அன்றைக்கு அது வேலை செய்கிற நிலையில் இருந்தது, அந்தக் குரலை ஊரும் நம்பியது. நான் படித்ததிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். வருஷத்துக்கு ஒரு நாளுக்கென்று வைக்கிற எதுவும் அந்த ஒரு நாளில் வேலை செய்யாது.

சரி, எங்கள் ஊரில் என்ன செய்தோம்?

பெரிதாக ஒன்றுமில்லை. 2024 ஆடியில் நானும் சித்தப்பா மகனும் அவன் நண்பர்களும் ஒரு டப்பா நீலப் பெயின்டை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டுச் சுவரில் கோடு போட்டோம். நான்கு வீட்டில் வேண்டாம் என்றார்கள், அதைத் தினமும் பார்க்க முடியாது என்று. போடவில்லை. போட்ட கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஊரின் மேடு பள்ளம் முதல் முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் மேடு என்று நினைத்துக்கொண்டிருந்த கோயில் வாசலைவிடப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் களம் உயரம். அதற்கு முன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவது கோயில் வாசலுக்குத்தான்.

அப்புறம் படிகள். மேலிருந்து ஒன்று, இரண்டு என்று பத்தொன்பது வரைக்கும் எண் எழுதினோம். எத்தனை படி தெரிந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்பதை ஆச்சியும் அவள் வயதுக்காரர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து சொன்னார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து, சண்டை போட்டு, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆறு படி தெரிந்தால் ஆடு மாட்டை அவிழ்ப்பது. நான்கு படி தெரிந்தால் கீழத்தெருவில் நடக்க முடியாதவர்களை மாற்றுவது. இரண்டு என்றால் எல்லாரும். மாட்டை முதலில் வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாடு நிற்கிற வரைக்கும் வீட்டுக்காரர் கிளம்ப மாட்டார். கறவை மாடுதான் அந்த வீட்டின் வருமானம், அதை விட்டுவிட்டு வா என்று சொல்கிற எந்த அறிவிப்பையும் யாரும் கேட்கப் போவதில்லை.

குளத்துக்கும் ஒரு கல் நட்டோம். நீர்பாய்ச்சி தாத்தா காட்டிய இடத்தில், அவர் காட்டிய உயரத்துக்கு. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் காலையும் மாலையும் அவர் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வருவார். அவரிடம் பட்டன் போன்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வார், அவள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். படித்துறைக்கு எட்டாம் வகுப்புப் படிக்கிற இன்னொரு பெண். மேலே நிலவரம் தெரிய வேண்டுமென்றால் திருநெல்வேலியில் இருக்கும் அத்தைக்கு போன். அத்தையிடம் கேட்பது ஒரே கேள்வி: குறுக்குத்துறையில் என்ன? ஆற்றுக்குள் இருக்கும் அந்த முருகன் கோயிலுக்குள் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் உற்சவரை எடுத்துக்கொண்டு கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக நடப்பது. சாமியை எடுத்துவிட்டார்கள் என்று அத்தை சொன்னால் எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சொல்வதற்குக் கோயில் ரேடியோ, மாதா கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி மூன்றையும் கேட்டோம். மூன்று இடத்திலும் யோசிக்காமல் சரி என்றார்கள். கரண்டு போனாலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கோயில் ஆம்ப்ளிபயருக்கு ஒரு பழைய லாரி பேட்டரி வாங்கினோம். அந்தப் பேட்டரியை யார் சார்ஜ் போட்டு வைப்பது என்பதில்தான் நிஜமான சிக்கல். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அது செத்துக் கிடந்தது. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பூஜைக்கும் அந்தப் பேட்டரியில்தான் ரேடியோ ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நல்லவாட்டைப் பற்றிப் படித்ததால் வந்த யோசனை.

தவறும் நடந்தது. ஒரு நாள் ராத்திரி குளத்துக்கல் மூழ்கிவிட்டது என்று அறிவித்து, கீழத்தெரு முழுக்க மழையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தது. விடிந்தபோது மழை நின்று தண்ணீர் இறங்கியிருந்தது. ஆஸ்துமா இருக்கிற ஒரு பெரியம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் மூச்சுக்குச் சிரமப்பட்டார். இனிமேல் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சிலர் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மறுநாள் சித்தப்பா வீடு வீடாகப் போனார். ஏன் கூப்பிட்டோம், கல் எவ்வளவு மூழ்கியிருந்தது, எப்போது இறங்கியது என்று சொன்னார். அடுத்த தடவை முதலில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை மட்டும் மாற்றிவிட்டு, மற்றவர்கள் விழித்திருப்பது என்று மாற்றினோம். இது நூறு தடவை சரியாக வராது. ஆனால் யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று ஊருக்குத் தெரிந்திருந்தால் ஒரு தவறோடு நம்பிக்கை போய்விடாது.

ஊர்க்காரர்கள் செய்துவிட்டார்கள் என்பதால் அரசு செய்ய வேண்டியது குறைந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குளத்துக் கரையைப் பலப்படுத்துவதும், மறுகால் ஓடையில் அடைத்திருப்பதை எடுப்பதும் எங்கள் கையில் இல்லை. அணையில் திறக்கிற அளவு எங்கள் படியில் எத்தனை என்று பொறியாளர்கள் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம். ஒவ்வொரு படித்துறைக்கும் கொடுக்கலாம். அது வேண்டும் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

டிசம்பர் வெள்ளத்தின் அந்த மூன்று நாளில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் புதுக்குடி கிராமத்துக்காரர்கள்தான் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றிலும் தண்ணீர் நின்ற நேரம் அது. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அடுத்தவரைக் காப்பாற்ற யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சம் நேரம் முன்னால் தெரிந்தால் போதும்.

ஆச்சி இப்போது படித்துறைக்குப் போவதில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மதினி போனில் குழுவைத் திறந்து வாசித்துக் காட்டுகிறாள். நேற்றுப் பெய்த மழைக்கு இரண்டு படி குறைந்திருந்தது. ஆச்சி கேட்டுவிட்டு, "கலங்கலா தெளிவான்னு கேளு" என்றாள். அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குச் செய்தி போனது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"ஏழு தெரியுது. கலங்கல். குச்சி செத்தை நிறைய வருது ஆச்சி."

"மாட்ட அவுக்கச் சொல்லு" என்றாள் ஆச்சி. ஆறுக்குத்தானே அவிழ்ப்பது என்று மதினி கேட்டாள். ஆச்சி பதில் சொல்லவில்லை. சித்தப்பா எழுந்து தொழுவத்துக்குப் போனார்.